நிலவில் இறங்கிற்று கலம். நாவில் ஏறிற்றா தமிழ்?

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என விரிந்துகிடக்கும் ஊர்களின் மொட்டைமாடிகளுக்கு ஒரு பேறு வாய்த்திருக்கிறது. வானம் தெளிந்த நாளில் வடக்கு நோக்கி நின்றால், பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய சிறீஅரிக்கோட்டாத் தீவிலிருந்து எழும் ஏவூர்தியை வெறுங்கண்ணாலேயே காணலாம். ஆவடிக்கும் அத்தீவின் ஏவுதளத்துக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர்தான் இடைவெளி. முதலில் ஒரு நெருப்புப் பொட்டு. அதன்பின் ஒரு வெண்புகைக் கோடு. நிலவுக்குப் போகும் ஏவூர்தியாயின் அக்கோடு நிமிர்ந்தெழுந்து, பின் வலப்புறமாய்ச் சாய்ந்து, கீழைக்கடலின்மேல் சென்று மறையும்.

அதனைக் கண்டு நிற்கும் பத்து அகவைச் சிறுவன் ஒருவன் தந்தையைக் கேட்கிறான்: "அப்பா, மேலே போகப் போகக் காற்றே இருக்காது என்கிறார்களே! அப்படியானால் அது எதை உதைத்துக்கொண்டு மேலே போகிறது?" தந்தை சொல்கிறார்: "அதெல்லாம் இங்கிலீசில் இருக்கிறதடா. பெரிய வகுப்புக்குப் போனால் படிப்பாய்." கேட்ட வாய் மூடிக்கொள்கிறது. தமிழ்நாட்டின் மாடிகளிலும் திண்ணைகளிலும் வகுப்பறைகளிலும் நாள்தோறும் நிகழும் இழப்பு இது. இதனை எந்தக் கணக்கேட்டிலும் எழுதுவாரில்லை.

அச்சிறுவனின் வினாவுக்குரிய விடை ஆங்கிலத்தில் இல்லை, இயற்கையில் இருக்கிறது. அதனை எம்மொழியிலும் சொல்லலாம். ஆனால் கேட்ட பிள்ளையின் மொழியிற் சொன்னால்தான் அது நெஞ்சிற் பதியும்.

உதைப்பது காற்றையன்று

ஆவடிப் பிள்ளைக்கு இதனை விளக்க வேற்றூர் எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. டாங்கி என மக்கள் வழங்கும் போரூர்திகளைச் செய்யும் ஊர் அது. அவ்வூர்தியின் பெருங்குழல் சுடும்போது குண்டு முன்னே பாய்கிறது. குழல் பின்னே உதைக்கிறது. அவ்வுதைப்புக்குக் கரணியம் காற்றன்று; வெளியே வீசப்பட்ட குண்டே. தோணியிலிருந்து கரைக்குத் தாவுகிறவன் தோணியைப் பின்னே தள்ளிவிட்டே தாவுகிறான். ஏவூர்தியும் அவ்வாறே தன் வயிற்றில் எரியும் வளியை நொடிக்கு இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர் விரைவிற் கீழே வீசியெறிகிறது. எறிந்ததன் எதிர்விசை அதனை மேலே தள்ளுகிறது. காற்று அதற்குத் துணையன்று, தடையே. காற்றில்லா வெளியில் அது இன்னும் நன்றாகவே இயங்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அடுப்பும் விளக்கும் எரியக் காற்றிலுள்ள உயிர்வளி வேண்டும். காற்றே இல்லாத வெளியில் ஏவூர்தி எரிவது எப்படி? வழிநடையாளன் கட்டுச்சோறு கொண்டுசெல்வதுபோல, எரிபொருளோடு உயிர்வளியையும் அது உடன் கொண்டுசெல்கிறது. பெரிய ஏவூர்தியின் மேலடுக்கில் ஐதரசன் எனப்படும் நீரகமும் உயிர்வளியும் நீர்மமாக நிரப்பப்படுகின்றன. முன்னதனை உறைநிலைக்குக் கீழே 253 பாகைக்கும் பின்னதனை 183 பாகைக்கும் குளிர்வித்தாலன்றி அவை நீர்மமாக நில்லா. அத்தகைய கடுங்குளிர்ப் பொறிகளை எரித்து ஆய்ந்து பார்க்குமிடம் வேறெங்கும் இல்லை. நெல்லைச் சீமையின் மகேந்திரகிரி அடிவாரந்தான்.

சிறுவனின் ஐயம் சிறுமையானதன்று. 1920ஆம் ஆண்டில் நியூயார்க்கு டைம்சு என்னும் பேர்பெற்ற அமெரிக்க நாளிதழ், காற்றில்லா வெளியில் ஏவூர்தி இயங்காது எனத் தலையங்கம் எழுதிக் காடார்டு என்னும் அறிஞரை எள்ளியது. 1969 சூலை 17ஆம் நாள், மூவர் நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அப்பிழையை ஒப்புக்கொண்டு வருத்தம் எழுதியது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்க்கும் ஆங்கிலச்சொல் அறிவைத் தந்துவிடவில்லை. மொழி வேறு, விளக்கம் வேறு. இதனை மறந்தே இங்குப் பலர் ஆங்கிலத்தை அறிவென்று மயங்குகின்றனர்.

ஏவூர்தியின் வரலாற்றில் இந்நிலத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் இரும்புக் குழாய்களில் மருந்தடைத்த போர்வாணங்களைப் பயன்படுத்தினர். 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலக் கும்பினியின் ஒரு படை அழிந்த போரில் அவ்வாணங்களும் பாய்ந்தன. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்குக் கைப்பற்றியவை இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைக் கொண்டு காங்கிரீவு என்பார் தம் ஏவுகலங்களைச் செய்தார். பூந்தமல்லிப் பெருவழியில் மேற்கே போகிறவன் கடக்கும் நிலம், உலக ஏவூர்தி வரலாற்றில் இடம்பெற்ற நிலம் என்பதனை எத்தனை பிள்ளைகள் அறிவர்?

ஊஞ்சலாடிச் சென்ற கலம்

ஏவூர்தி வலப்புறம் சாய்வதேன்? ஞாலம் மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது. சிறீஅரிக்கோட்டாவின் நிலமே நொடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் விரைவிற் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்விரைவை விலையின்றிப் பெறவே ஏவூர்தி கிழக்கே சாய்கிறது. மேலும், மேலே எழுவது மட்டும் போதாது. எழுந்தது மீண்டும் விழும். நொடிக்கு எட்டுக் கிலோமீட்டர் அளவிற் பக்கவாட்டில் ஓடினால், அது விழ விழ ஞாலத்தின் வளைவும் விலகிச்செல்ல, என்றும் விழுந்துகொண்டே சுற்றிக்கொண்டிருக்கும். விழாமலிருப்பதன்று சுற்றுவழி, விழுந்தும் தரையை எட்டாமலிருப்பதே சுற்றுவழி.

2023ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் பிற்பகல் 2.35 மணிக்கு எழுந்த ஏவூர்தி 43.5 மீட்டர் உயரம், 640 டன் எடை. அத்துணைப் பெருஞ்சுமையும் எழுந்தது நான்கு டன்னுக்கும் குறைவான ஒரு கலத்தைக் கொண்டுசேர்க்கவே. எரிந்து தீர்ந்த அடுக்குகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி வீசிவிட்டு, ஏறத்தாழப் பதினாறு மணித்துளியில் அது தன் பணியை முடித்தது. கலம் ஞாலத்துக்கு அண்மையில் 170 கிலோமீட்டரும் சேய்மையில் 36,500 கிலோமீட்டரும் கொண்ட நீள்வட்டத்திற் சுற்றலாயிற்று. நிலவோ ஏறத்தாழ 3,84,400 கிலோமீட்டருக்கு அப்பால்.

எஞ்சிய தொலைவைக் கடந்தது எவ்வாறு? ஊஞ்சலாடும் பிள்ளையைக் கேட்டால் தெரியும். ஊஞ்சல் தாழ்ந்து விரைந்து வரும் நொடியிற் காலை உதைத்தால் மறுபுறம் அது இன்னும் உயரப் போகும். கலமும் ஞாலத்துக்கு மிக அண்மையில் வந்து மிக விரைந்தோடும் வேளையிற் பொறியைச் சிறிது எரித்தது. மறுமுனை இன்னும் தொலைவுக்கு நீண்டது. இவ்வாறு ஐந்து முறை. ஆகசுட்டு 1ஆம் நாள் நிலவை நோக்கிய நெடுவழியில் ஏறியது. 5ஆம் நாள் நிலவின் ஈர்ப்பில் தங்கியது. 1969இல் அமெரிக்கர் நான்கே நாளில் நிலவில் இறங்கினர். அவர்தம் ஏவூர்தி 110 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 2,900 டன் எடையும் உடையது. வலிமை குறைந்தவிடத்து அறிவும் பொறுமையும் கூடின. நாற்பது நாளாயினும் கலம் சென்று சேர்ந்தது.

ஆகசுட்டு 23ஆம் நாள் மாலை, சென்னை வானில் நிலவு ஏறத்தாழ அரைவட்டமாய் நின்றுகொண்டிருந்தது. அதன் தென்முனையை அடுத்த பகுதியில், முப்பது கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் விரைவில் ஓடிக்கொண்டிருந்தது தரையிறங்கி. காற்றில்லாத இடத்தில் குடைவிரித்து இறங்க முடியாது. எதிர்முகமாய்ப் பொறியை எரித்தே விரைவைக் கொல்ல வேண்டும். பத்தொன்பது மணித்துளி அவ்வாறு எரித்து, 6.04 மணிக்கு மெல்லத் தரைதொட்டது. நிலவின் தென்முனைப் பக்கத்தில் அதற்குமுன் எந்நாட்டுக் கலமும் இவ்வாறு இறங்கியதில்லை.

மறுவும் குழியும்

இறங்கிய இடம் எத்தகையது? நிலவின் முகத்திற் கருந்திட்டுகள் உண்டு. தமிழ்ப்பாட்டி அதில் வடை சுடும் கிழவியைக் காட்டினாள். புலவர் முயலைக் கண்டனர். சான்றோர் அதனை 'மறு' என்றனர். மேலைநாட்டார் பதினேழாம் நூற்றாண்டில் தொலைநோக்கி வழியே பார்த்து அவற்றுக்குக் 'கடல்' எனப் பெயரிட்டனர். அங்குக் கடலுமில்லை; கடலளவு நீருமில்லை. முந்நூறு கோடி ஆண்டுக்கும் முன்னர், பெரும்பாறைகள் மோதியதால் உண்டான பள்ளங்களில் உள்ளிருந்து பொங்கிய எரிகுழம்பு நிறைந்து கறுத்து இறுகிய சமவெளிகளே அவை. 'அமைதிக் கடல்' எனப் பள்ளிநூலிற் படிக்கும் பிள்ளை அலையைத் தேடுவான். மறுநிலம் என்று படித்தால் கருமையைக் காண்பான். 'மறு' என்னும் சொல் கண்டதைச் சொல்லிற்று, காணாததைக் கற்பிக்கவில்லை. பிழையான அயற்பெயரை மொழிபெயர்ப்பதினும் நேரிய பழஞ்சொல்லை எடுத்தாள்வது அறிவியலுக்கே நலம்.

குழிகளும் அவ்வாறே. ஆங்கிலம் வழங்கும் 'கிரேட்டர்' என்பது கிரேக்கரின் கலயத்தைக் குறித்த சொல். வடிவத்தை மட்டுமே சொல்வது. தமிழில் மோதுகுழி என்றால் அது தோன்றிய கதையும் உடன்வரும். மழையின் முதற்றுளிகள் ஏரிக்கரைப் புழுதியில் விழும்போது விளிம்புயர்ந்த சிறுகுழிகள் தோன்றுவதுபோல, விண்கற்கள் மோதித் தோன்றியவை அவை. காற்றும் மழையும் இல்லாமையால் அழியாமல் நிற்கின்றன. டைக்கோ என்னும் குழி ஏறத்தாழ 85 கிலோமீட்டர் அகலமுடையது. அதிலிருந்து சிதறிய வெண்கதிர்களை முழுநிலவன்று சிறு இருகண்ணாடியாலும் காணலாம். மறுபுறத்தில் தென்முனையை ஒட்டிய பெருங்குடைவோ ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் அகலம். அம்மறுபுறத்தை மாந்தர் முதலிற் கண்டது 1959இல், உருசியரின் லூனா-3 அனுப்பிய படத்தில். அதனை 'இருண்ட பக்கம்' என்பதும் ஆங்கிலம் தந்த மயக்கமே. அங்கும் பதினான்கு நாள் பகல், பதினான்கு நாள் இரவு. ஞாலத்திலிருந்து காணவொண்ணாமையன்றி ஒளியின்மை அங்கில்லை.

கலம் இறங்கியது மறுநிலத்திலன்று, வெண்ணிற மேட்டுநிலத்தில். காய்ச்சிய பாலின்மேல் ஆடை மிதப்பதுபோல, நிலவு உருகிக்கிடந்த தொல்பழங்காலத்தில் எடைகுறைந்து மேலே மிதந்து இறுகிய பாறை அது. அதில் தரையிறங்கியின் கருவி எட்டுச் செண்டிமீட்டர் ஆழம் வரை ஊன்றி வெம்மையை அளந்தது. மேற்பரப்பில் 50 பாகைக்கு மேல். எட்டுச் செண்டிமீட்டரில் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 10 பாகை. ஒரு சாணுக்குள் வேனிலும் கடும்பனியும்! உருளையில் ஊர்ந்த சிறுவண்டி மண்ணிற் கந்தகம் இருத்தலைக் கண்டறிந்தது. 2008இற் சென்ற முதற்கலம் நிலவுப்பரப்பில் நீரின் கூறுகளைக் காட்டியிருந்தது; முனைகளில் ஞாயிற்றொளியே படாத குழிகளுக்குள் பனிக்கட்டி இருக்கும் என்பதாலேயே உலகின் கண் இன்று தென்முனைமேல் நிற்கிறது.

மண் தமிழ்மண், சொல்?

அவ்வெண்பாறைக்கு அறிவியலார் இட்ட பெயர் அனார்த்தோசைட்டு. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடக்கிறது. தரையிறங்கியின் கால்களும் வண்டியின் உருளைகளும் நிலவுமண்ணில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று ஆய்ந்து பார்க்க, அமெரிக்காவிலிருந்து போலிமண்ணைப் பெருவிலைக்கு வாங்குவதை விடுத்து, இச்சிற்றூர்களின் பாறையையே பொடித்துப் பெங்களூரில் பரப்பினர். அம்மண்ணைச் செய்யும் முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது. நிலவுக்குப் போகுமுன் கலம் நடைபயின்ற மண் தமிழ்மண்!

ஆளும் தமிழரே. முதற்பயணத்தை இயக்கிய மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்து தமிழ்வழியிற் பள்ளிக்கல்வி பெற்றவர். விண்வெளி நிறுவனத்துக்கு 2018 முதல் 2022 வரை தலைமை தாங்கிய சிவன், குமரி மாவட்டச் சரக்கல்விளையின் அரசுப்பள்ளியில் தமிழ்வழியிற் படித்தவர். இரண்டாம் பயணத்தை இயக்கிய வனிதாவும் மூன்றாவதை இயக்கிய விழுப்புரத்து வீரமுத்துவேலும் தமிழ்நாட்டார். 2019 செப்டம்பர் 7ஆம் நாள் விழுந்து நொறுங்கிய தரையிறங்கியின் சிதறலை, அமெரிக்கர் வெளியிட்ட படங்களை இரவு பகலாய் ஒப்பிட்டு நோக்கிக் கண்டுபிடித்தவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். ஆய்வுக்கூடமுமில்லை, பதவியுமில்லை; கண்ணும் பொறுமையும் மட்டுமே உண்டு. அவ்வாண்டு திசம்பரில் நாசா அதனை ஒப்புக்கொண்டு அவர் பெயரை வெளியிட்டது.

மண்ணும் ஆளும் தமிழாயிருக்க, சொல் எங்கே போயிற்று? கலத்தின் பெயர் சந்திரயான், தரையிறங்கி விக்ரம், வண்டி பிரக்யான். இறங்கிய இடத்துக்குச் 'சிவசக்தி', முன்னது விழுந்த இடத்துக்குத் 'திரங்கா'. முதற்பெயரை 2024 மார்ச்சில் உலக வானியல் ஒன்றியமும் ஏற்றது. விண்வெளித் துறையைத் தோற்றுவித்த விக்ரம் சாராபாயின் பெயரைத் தரையிறங்கிக்கு இட்டதில் குறைகாண்பாரில்லை, அது நன்றியறிதல். ஆனால் பன்மொழி பேசும் ஒரு நாட்டின் வரிப்பணத்தில் எழுந்த கலத்துக்கு வடமொழியும் இந்தியுமன்றி வேறு மொழியிற் பெயரே கிடைக்கவில்லையா? திங்கள், மதி, நிலா, பிறை, அம்புலி எனப் பெயர் குவித்த மொழியில் ஒன்றுகூடவா உதவாமற் போயிற்று? இது கேட்கவேண்டிய கேள்வி. கேட்டுக்கொண்டே இருக்கவேண்டிய கேள்வி.

எனினும் தில்லியை மட்டும் நோவது நேர்மையாகாது. அன்று மாலை தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகள் பலவும் "லேண்டர்", "ரோவர்", "சாப்ட் லேண்டிங்" என்றே முழங்கின. தரையிறங்கி, உலவி, மென்தரையிறக்கம் என்னும் சொற்கள் இல்லாமையாலன்று. இருந்தும் எடுத்தாள மனமில்லாமையால். இதற்கும் தில்லியா கட்டளையிட்டது?

தமிழ்ப்பற்றாளரிடத்தும் ஒரு குறை உண்டு. அதனையும் சொல்லியாக வேண்டும். புறநானூற்றில் ஓட்டுநரில்லா வானவூர்தி பேசப்படுவதைக் காட்டி, பண்டைத் தமிழன் விண்ணிற் பறந்தான் என மேடைதோறும் முழங்குவோர் உளர். அப்புலவர் சொன்னது புகழுடையார் இறந்தபின் எய்தும் பேறு பற்றி. பொறி செய்யும் முறை பற்றியன்று. முன்னோர் விட்டுச்சென்றது ஊர்தியையன்று, 'வானவூர்தி' என்னும் சொல்லை. அச்சொல்லை வைத்து இன்றைய அறிவைக் கற்பிப்பதே அவர்க்குச் செய்யும் பெருமை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவரைப் பயிற்றினார். அயலார்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதா?

காலம் காத்திருக்கவில்லை. குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. நிலவின் மண்ணை அள்ளிவரும் நான்காம் பயணத்துக்கு அவ்வாண்டு செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அம்மண் ஒருநாள் வந்துசேரும். சித்தம்பூண்டி மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். அன்று அதனைப் பற்றிப் பேசத் தமிழ்ப்பிள்ளையிடம் சொல் இருக்க வேண்டும். அச்சொல் அரசாணையால் வந்துவிடாது. வீட்டிலும் வகுப்பிலும் வழங்கினால்தான் வரும்.

ஆகவே, தமிழாசிரியர்களே, அறிவியல் தமிழாசிரியர் வேலையன்று என ஒதுங்காதீர்! அறிவியலாசிரியர்களே, தமிழ் நும் வேலையன்று என ஒதுங்காதீர்! ஏவூர்தி எழும் நாளில் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்க. ஏவுதளம், உந்துபொருள், சுற்றுவழி, தரையிறங்கி, மறுநிலம், மோதுகுழி எனக் கண்முன் காட்டிச் சொல்லுக. மேடையில் ஒருமுறை முழங்குவதினும் மாடியில் ஒருமுறை விளக்குவது மேல்.

அடுத்த ஏவூர்தி வடவானில் எழும்போது ஆவடிச் சிறுவன் மீண்டும் கேட்பான்: அது எதை உதைத்துக்கொண்டு போகிறது? தந்தை விடை சொல்க. தமிழிற் சொல்க. அவ்விடையில் தொடங்கட்டும் தமிழனின் விண்வழி!